பூன்ஸ்பரோ என்னும் மரக்கோட்டை

கோட்டை என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் உள்ளத்தில் எழுவன அரசனும், அவன் எடுப்பித்த கல்மதிலும், அகழியும், கொத்தளமுமேயாம். செஞ்சியையும் வேலூரையும் கண்ட கண்களுக்கு வேறு வகையான கோட்டையொன்று உண்டென்பது எளிதில் தோன்றாது. அரசாணையின்றி, சேனையின்றி, கல்லுஞ் சுண்ணாம்புமின்றி, பிழைப்புத் தேடிப் பெண்டு பிள்ளைகளுடன் புறப்பட்ட குடியானவர்கள் தம் கைக்கோடரி கொண்டே வெட்டி நாட்டிய கோட்டைகள் வட அமெரிக்காவின் எல்லைப்புறத்தே பல இருந்தன. அவற்றுள் பெயர் பெற்றது, கெண்டக்கி நாட்டிற் கெண்டக்கியாற்றின் தென்கரையில் 1775-ஆம் ஆண்டில் எழுந்த பூன்ஸ்பரோக் கோட்டையாகும். நானூற்றுவர்க்கு மேற்பட்ட பகைவர் வந்து முற்றியபோதும் அது விழவில்லை. அங்ஙனமாயின், அதனைக் கட்டிக் காத்தவர்களுக்கு அந்நிலம் நிலைத்ததா? யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்தது இவ்வினாவை முன்னிட்டே. நிலமும் பத்திரமும் எல்லைக்கல்லும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பழகிய பொருள்களாதலின், கடல்கடந்த இவ்வரலாறு நம்மவர்க்கு அயலாகத் தோன்றாதென நம்புகின்றோம்.

முதற்கண் நாட்டின் நிலைமையைச் சிறிது கூறுதல் வேண்டும். அக்காலத்து ஆங்கிலேயர் குடியேற்ற நாடுகள் பதின்மூன்றும் அமெரிக்காவின் கீழ்கடற் கரையோரமாய் அமைந்திருந்தன. அவற்றிற்கு மேற்கே அப்பலாச்சிய மலைத்தொடர் நெடுமதில்போற் கிடந்தது. மலைக்கு அப்பாலுள்ள நிலத்தைத் தனிமனிதர் எவரும் பழங்குடியினரிடமிருந்து விலைக்கு வாங்கலாகாது என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1763-ல் விளம்பரஞ் செய்திருந்தார். அவ்வப்புறத்தே கிடந்த கெண்டக்கி, காடும் புல்வெளியும் உவர் ஊற்றுகளும் நிறைந்து, காட்டெருமையும் மானும் மலிந்த வளநாடு. ஒஹையோ ஆற்றிற்கு வடக்கே வாழ்ந்த ஷானி மக்களும், தெற்கே வாழ்ந்த செரோக்கி மக்களும் அதனைத் தம் வேட்டை நிலமாக ஆண்டுவந்தனர். ஊர்கள் மிகக் குறைவாதலின், வந்த வெள்ளையர் கண்களுக்கு அது ஆளில்லாத நிலமாகத் தோன்றிற்று. நம் நாட்டிலும் மேய்ச்சற் புறம்போக்கைப் பாழ்நிலமென்று சொல்வார் உளர். அதில் மாடு மேய்ப்பவனைக் கேட்டாலன்றோ அது பாழா அன்றா என்பது விளங்கும்!

வட கரோலைனாவில் நீதிபதியாயிருந்த ரிச்சர்டு ஹெண்டர்ஸன் என்பவர் டிரான்ஸில்வேனியாக் கம்பெனி என்றொரு கூட்டு வியாபார ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, 1775 மார்ச்சு மாதத்தில் வடாகா ஆற்றங்கரையில் சைக்கமோர் ஷோல்ஸ் என்னுமிடத்தே செரோக்கித் தலைவர்களைக் கூட்டினார். கெண்டக்கியாற்றிற்கும் கம்பர்லாந்து ஆற்றிற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு கோடி ஏக்கர் நிலம், பத்தாயிரம் பவுன் பெறுமானமெனச் சொல்லப்பட்ட சரக்குகளுக்கு ஈடாக எழுதி வாங்கப்பட்டது. துணிகளும் துப்பாக்கிகளும் பிறவும் பலர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, தன் பங்கிற்கு ஒரு சட்டையே கிட்டிற்றென்று ஓர் இளைஞன் நொந்துகொண்டதாக ஒரு செய்தி வழங்குகின்றது. முதிய தலைவர்கள் கையொப்பமிட்டனர். அவர்களுள் ஒருவரான அட்டகுல்லகுல்லாவின் புதல்வரும், 'ஓடம் இழுப்போன்' எனப் பொருள்படும் பெயருடையவருமான வீரர் இவ்விற்பனையைக் கடுமையாக எதிர்த்து, வாங்குவோர்க்கு அந்நிலத்திற் குடியிருத்தல் எளிதாயிராதென எச்சரித்து வெளியேறினார்.

இவ்விற்பனையில் இரண்டு குறைகள் இருந்தன. மன்னர் விளம்பரத்திற்கு மாறானதென்று வர்ஜீனியா, வட கரோலைனா ஆகிய இரு நாட்டுக் கவர்னர்களும் அதனைக் கண்டித்து அறிக்கை விடுத்தனர், இஃது ஒன்று. நிலத்திற் பாதியளவாயினும் உரிமை கொண்டாடிய ஷானி மக்களை ஒருவரும் கேட்கவேயில்லை, இது மற்றொன்று. முன்னைக் குறை சட்டத்திலும் பின்னைக் குறை போரிலும் போய் முடிந்தன. பங்காளிகளுள் ஒருவனிடம் மாத்திரம் கிரயம் பெற்று வேலி போட்டவன் படும் பாட்டை நம் ஊர்களிற் காணாதார் யார்?

கையொப்பம் ஆவதற்கு முன்னரே ஹெண்டர்ஸன் தம் ஆளாகிய டானியல் பூனை அனுப்பிவிட்டார். பூன் அப்போது நாற்பது வயதினர், வேட்டையில் வல்லவர், கடன்காரர், காடு அறிந்தவர். சுமார் முப்பது கோடரிக்காரர்களுடன் 1775 மார்ச்சு 10-ஆம் நாள் புறப்பட்டு, கம்பர்லாந்துக் கணவாய் வழியாக மரத்தை வெட்டியும் புதரைக் கொளுத்தியும் ஒரு தடம் அமைத்துக்கொண்டு சென்றார். இத்தடமே பிற்காலத்தில் 'வனாந்தர வழி' எனப் பெயர்பெற்று, இலட்சக்கணக்கானோர் மேற்கே செல்லும் பெருவழியாயிற்று. கெண்டக்கியாற்றை அணுகுமுன், மார்ச்சு 25-ஆம் நாள் விடியுமுன்னர்ப் பழங்குடி வீரர்கள் கூடாரத்தைத் தாக்கினர். டுவிட்டி என்பவரும், அவர்தம் அடிமையாகிய சாம் என்னும் கறுப்பரும் உயிரிழந்தனர். எஞ்சியோர் ஏப்ரல் தொடக்கத்தில் ஆற்றங்கரை சேர்ந்தனர். ஹெண்டர்ஸன் ஏப்ரல் 20-ஆம் நாள், தமது நாற்பதாவது பிறந்த நாளன்று, வந்து சேர்ந்தார்.

கோட்டையின் அமைப்பைச் சொல்வோம். கம்பெனியார் வகுத்த திட்டப்படி அது சுமார் 250 அடி நீளமுள்ள நீள்சதுரம். சுற்றிலும் வரிசையாக ஏறத்தாழ முப்பது மரக்குடில்கள். ஒவ்வொரு குடிலின் புறச்சுவரே கோட்டையின் மதில். குடிலுக்குங் குடிலுக்கும் இடையேயுள்ள வெளியில், நுனி சீவிய முழுமரங்களை நெருக்கமாக ஊன்றி அடைத்தனர். கூரைகள் உட்புறமாகச் சரிந்திருந்தன. பகைவர் கொள்ளி எறிந்தால் உள்ளிருப்போர் ஏறி அணைப்பதற்கு இவ்வமைப்பு உதவும். நான்கு மூலைகளிலும் இரண்டடுக்குக் கொத்தளங்கள். மேலடுக்குக் கீழடுக்கினும் சற்றே புறத்தே நீண்டிருத்தலால், மதிலடியில் ஒண்டும் பகைவனையும் மேலிருந்து சுடலாம். நடுவே ஆடுமாடு குதிரைகளை அடைக்கும் வெளி. இதன் பெருங்குறை நீர். ஊற்றுக்கள் மதிலுக்குப் புறம்பே இருந்தன. உள்ளே கிணறு வெட்டத் தொடங்கியதும் காலங்கடந்தே.

திட்டம் நன்று, ஆயினும் கட்டுவார் இலர்! வந்தவர்களுள் ஒவ்வொருவரும் தத்தமக்கு நல்ல நிலத்துண்டு பார்த்து எல்லைமரங்களிற் குறி வெட்டுவதிலேயே நாட்டமாயிருந்தனர். பொதுமதிலுக்கு மரம் வெட்ட அழைத்தால் ஒருவரும் அசையவில்லை. ஹெண்டர்ஸன் மே மாதம் 23-ஆம் நாள் ஒரு பெரிய எல்ம் மரத்தின் நிழலில் நான்கு குடியிருப்புகளின் பிரதிநிதிகளைக் கூட்டிச் சபை நடத்தினார். சட்டங்கள் ஒன்பது இயற்றப்பட்டன. வேட்டை விலங்குகளை வீணே அழியாது காத்தற்கும், குதிரைகளின் இனத்தைச் சீர்ப்படுத்தற்கும் மசோதாக்கள் கொணர்ந்தவர் பூனே. செரோக்கிகளின் வக்கீல், நிலத்தை ஒப்படைத்தமைக்கு அடையாளமாகப் புல்லோடு கூடிய மண்கட்டியொன்றை ஹெண்டர்ஸன் கையிற் கொடுத்த சடங்கும் அச்சபையிலேயே நடந்தது. மண்கட்டி கைமாறிற்று; மதில் மாத்திரம் அரைகுறையாகவே நின்றது.

மதிலை முடிக்கும் எண்ணம் பிறந்தது ஒரு துன்பத்தால். 1776 ஜூலை 14-ஆம் நாள், பூனின் மகள் ஜெமைமாவும், ரிச்சர்டு காலவே என்பாரின் பெண்கள் இருவரும் ஓடமேறி ஆற்றில் விளையாடுகையில், எதிர்க்கரையில் மறைந்திருந்த ஷானி, செரோக்கி வீரர் ஐவர் அவர்களைக் கவர்ந்து சென்றனர். பெண்கள் வழிநெடுகிலும் சிறு கிளைகளை ஒடித்தும் துணிக்கிழிசலைப் போட்டும் அடையாளம் விட்டுச் சென்றனர். மூன்றாம் நாள் பூனும் தோழரும் எட்டிப் பிடித்து மூவரையும் மீட்டனர். மீட்கப்பட்டவர்களுள் மூத்தவளான எலிஸபெத்து, ஹெண்டர்ஸனின் தம்பி சாமுவேலை அடுத்த மாதமே மணந்தாள். ஜெமைமாவோ பின்னர்க் காலவேயின் உடன்பிறந்தார் மகனை மணந்தாள். இங்ஙனம் கோட்டைக்குள் இருந்த பெருங்குடும்பங்கள் மாமன் மைத்துனர் முறையாற் பிணைப்புண்டன. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

1777-ஆம் ஆண்டு முழுதும் தாக்குதல். ஏப்ரல் மாதத்திற் பூனின் கணுக்காலிற் குண்டு பாய, சைமன் கெண்டன் என்னும் இளைஞர் அவரைத் தோளிற் சுமந்து வாயிலுட் புகுந்தார். அவ்வாண்டு நவம்பரில், சமாதானம் நாடி வர்ஜீனியர் கோட்டையொன்றிற்கு வந்திருந்த ஷானித் தலைவர் கார்ன்ஸ்டாக்கை அங்கிருந்த படையாட்கள் சுட்டுக் கொன்றனர். விருந்தாக வந்தவனைக் கொன்ற இப்பழியே ஷானிகளின் சினத்திற்குப் பெருங்காரணமென்பதை அமெரிக்க வரலாற்றாசிரியர்களும் மறைத்திலர்.

அடுத்துத் தோன்றியது உப்புப் பஞ்சம். உப்பின்றேல் இறைச்சி கெடும். இறைச்சி கெட்டால் மாரிக்காலத்திற் பட்டினி. ஆகவே 1778 ஜனவரியில் பூன் சுமார் முப்பது பேருடன் புளூ லிக்ஸ் என்னும் உவர் ஊற்றிற்குச் சென்று பெருங்கொப்பரைகளில் உப்புக் காய்ச்சினார். ஒரு புஷல் உப்பிற்குச் சுமார் 800 காலன் நீரை வற்றக் காய்ச்சவேண்டும். பிப்ரவரி 7-ஆம் நாள் வேட்டைக்குச் சென்ற பூன் ஷானிகள் கையில் அகப்பட்டார். வந்த படை, பூன்ஸ்பரோவையே தாக்கச் செல்வது. அப்போது மதிலில் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. கோட்டையிலோ பெண்களும் சிறுவரும். உப்புக் காய்ச்சுவோரைத் தாமே சரணடையச் செய்வதாகவும், பெண்டு பிள்ளைகளை வேனிற்காலத்தில் நடத்தி வருவதாகவும் சொல்லி, பூன் அப்படையைத் திருப்பிவிட்டார். இருபதுக்கு மேற்பட்டோர் ஆயுதத்தைக் கீழே வைத்தனர். அவர்களைக் கொல்வதா விடுவதா என்று ஷானிகள் வாக்கெடுத்தபோது, இரண்டே வாக்கு மிகுதியால் உயிர் தப்பினரெனச் சிறைப்பட்டோருள் ஒருவர் முதுமையிற் சொல்லிவைத்தார். அவ்வாலோசனையைப் பூனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர், ஷானிகளோடு வாழ்ந்த பாம்பி என்னும் கறுப்பர்.

'கருமீன்' எனப் பொருள்படும் பெயருடைய ஷானித் தலைவர் பிளாக்பிஷ் பூனைத் தம் மகனாகத் தத்தெடுத்துக்கொண்டு, பேராமை என்று பெயரிட்டார். அன்புடன் நடத்தினார் என்பதிற் பூனே சான்று பகர்ந்துளார். ஆயினும் படையெழுச்சிக்குரிய ஆயத்தங்கள் நடப்பதைக் கண்ட பூன், ஜூன் 16-ஆம் நாள் தப்பியோடி, 160 மைல் தொலைவை நான்கு நாளிற் கடந்து கோட்டை வந்தடைந்தார். இறந்தாரெனக் கருதி மனைவி ரெபெக்கா மக்களுடன் வட கரோலைனாவிற்குத் திரும்பிவிட்டாள். ஜெமைமா மாத்திரம் தந்தையை எதிர்நோக்கியிருந்தாள். அதன்பின் இரவும் பகலும் வேலை; மூன்றாண்டுகளாக முடியாத மதில் சில வாரங்களில் முடிந்தது.

செப்டம்பர் 7-ஆம் நாள் பிளாக்பிஷ் நானூற்றுவர்க்கு மேற்பட்ட வீரருடனும், டிட்ராயிட்டு ஆங்கில அதிகாரிகள் அனுப்பிய பிரெஞ்சுக் கனடியர் சிலருடனும் வந்திறங்கினார். உள்ளே துப்பாக்கி ஏந்தும் ஆடவர் அறுபதின்மர்க்கு மேற்படார். மதிலைச் சூழ்ந்து முற்றுதலை உழிஞை என்றும், அகத்திருந்து காத்தலை நொச்சி என்றும் நம் முன்னோர் வகுத்தனர். இங்கே இரண்டும் நிகழ்ந்தன. ஆயின் அவற்றிற்கு முன்னர் ஒரு தந்தை மகன் வழக்கு நிகழ்ந்தது. ஏன் ஓடிப்போனாய் என்று பிளாக்பிஷ் கேட்க, மனைவி மக்களைக் காண விரும்பினேன் என்று பூன் விடையிறுத்தாராம். இரண்டு நாள் தவணை கேட்டுப் பெற்று, அதற்குள் நீரும் தானியமும் மாடும் உள்ளே சேர்த்தனர். ஆட்கள் மிகுதியெனத் தோன்றும் பொருட்டுப் பெண்கள் ஆண்களின் தொப்பியும் சட்டையும் அணிந்து மதிலருகே உலாவினர். உடன்படிக்கையொன்று எழுதிக் கையொப்பமும் ஆயிற்று. கைகுலுக்கும் வேளையில், ஒரு வெள்ளையர்க்கு இருவராக ஷானிகள் பற்றிக்கொள்ளவே கைகலப்பு மூண்டது. யார் முதலில் வஞ்சித்தார் என்பதில் இன்றுவரை ஒருமுகமான முடிவில்லை.

பின்னர்த் துப்பாக்கி வெடித்த வண்ணமாயிருந்தது. பெண்கள் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தனர். இரவில் ஷானிகள் தீப்பந்தங்களை மதிலடியில் எறிந்தனர். பூனின் தம்பி ஸ்குவயர் பழைய துப்பாக்கிக் குழல்களை நீர்பீச்சும் குழல்களாக மாற்றிக் கூரைத் தீயை அணைக்க உதவினார். அவரே மரத்தைக் குடைந்து இரும்புப்பட்டை பூட்டி ஒரு பீரங்கியுஞ் செய்தார். அது வெடித்துப் பிளந்துபோயிற்றாம்! ஆற்றங்கரையிலிருந்து மதிலடி நோக்கி ஷானிகள் சுரங்கம் தோண்டினர். அகத்தோர் குறுக்கே பள்ளம் வெட்டினர். மண்ணுக்கடியில் மண்வெட்டும் ஓசையை இருதிறத்தாரும் கேட்டனர். இறுதியில் பெருமழை பெய்து சுரங்கத்தை இடித்துத் தள்ளிற்று. பதினொரு நாட்கள் சென்றபின் முற்றியவர் காடு புகுந்தனர். பின்னர் மதிலைச் சுற்றிப் பொறுக்கிய ஈயக்குண்டுகளின் எடை 125 ராத்தல் என்று பூன் வரலாறு கூறும். கோட்டையுள் இறந்தோர் இருவர்: ஒருவர் டேவிட் பண்ட்ரின், மற்றொருவர் இலண்டன் என்னும் பெயருடைய அடிமை. புறத்தே பாம்பியும் மாண்டார். யார் நிலம் யாரைச் சேரவேண்டுமென நடந்த இப்போரில், எத்திறத்தாராலும் ஓர் அடிநிலமும் பெறாத கறுப்பர் இருவர் இரு பக்கத்தும் உயிரிழந்தமை எமக்கு மறக்கொணாத செய்தியாகப் படுகின்றது. இக்கோட்டைக்கு வெடிமருந்து ஆக்கித் தந்தவரும் மங்க் எஸ்டில் என்னும் அடிமையே. 1782-ல் நடந்த வேறொரு போரிற் காட்டிய வீரத்திற்காக அவர் விடுதலை பெற்றார்.

முற்றுகை நீங்கியதும், மதில் காத்த பூன்மீதே இராஜத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டது. உப்புக் காய்ச்சியோரைக் காட்டிக்கொடுத்தார், பகைவரோடு உடன்படிக்கை பேசினார் என்பன குற்றங்கள். சாட்டியவர்களுள் முதல்வர் யாரெனின், பூன் எவருடைய பெண்களை மீட்டாரோ அந்த ரிச்சர்டு காலவே, சம்பந்தி முறையினரே! அவரைக் குறைகூறுதலும் எளிதன்று; சிறைப்பட்டவர்களுள் அவருடைய நெருங்கிய உறவினர் இருந்தனர். இராணுவ விசாரணை பூனைக் குற்றமற்றவரெனத் தீர்த்து, மேஜர் பதவிக்கும் உயர்த்திற்று. மனக்காயம் ஆறவில்லை. 1779 டிசம்பரிற் பூன் தம் பெயர் தாங்கிய கோட்டையை விட்டுச் சில மைல் தள்ளி வேறிடத்திற் குடியேறினார். காலவேயோ 1780 மார்ச்சில், ஆற்றில் விடுவதற்கு ஓடம் கட்டிக்கொண்டிருக்கையிற் கொல்லப்பட்டார்.

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கம்பெனியார் நூறு ஏக்கருக்கு இருபது ஷில்லிங்கு என விற்கத் தொடங்கி, பின்னர் ஐம்பதாக உயர்த்தினர். குடியானவர் வெகுண்டு வர்ஜீனியாச் சட்டசபையிடம் முறையிட, அச்சபை 1776-ல் கெண்டக்கியைத் தன் மாவட்டமாக்கிக்கொண்டு, 1778-ன் இறுதியில் ஹெண்டர்ஸனின் கிரயம் செல்லாதெனத் தீர்த்தது. முற்றுகை நீங்கி மூன்று மாதங்கூட நிறையவில்லை. கோட்டைக்கு மூலமான பத்திரமே பத்திரமன்று என்றாயிற்று! ஆயினும் ஹெண்டர்ஸன் கூட்டத்தார்க்கு இழப்பீடாக 200,000 ஏக்கர் வேறிடத்தில் வழங்கப்பட்டது. 1779-ஆம் ஆண்டுச் சட்டம், 1778-க்கு முன் குடியேறிப் பயிரிட்டோர்க்கு 400 ஏக்கரும், அதனையடுத்து 1,000 ஏக்கரை முதலில் வாங்கும் உரிமையும் தந்தது. நல்ல சட்டமே. அதனை நடைமுறைப்படுத்த அளவை வேண்டும். அரசாங்கம் முன்னதாக நாட்டை அளந்துவைக்கவில்லை. இந்த மரத்திலிருந்து அந்த ஓடைவரை என்று அவரவர் எழுதிப் பதிவுசெய்தனர். மரம் விழுந்தது, ஓடை திசை மாறிற்று, ஒரே நிலத்தின்மேல் மூவர் நால்வர் உரிமை, ஓட்டுக்கூரையில் ஓட்டின்மேல் ஓடு கிடப்பதுபோல் அடுக்காயிற்று. கிழக்கே நகரங்களிலிருந்த செல்வர், காட்டையே காணாது, பணங்கட்டி உரிமைச்சீட்டு வாங்கினர். வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்தன. வக்கீல் வைக்கக் கையிற் பொருளில்லாதவனே முதலில் தோற்றான். அவனே பெரும்பாலும் மதில் காத்தவனாயிருந்தான்.

பூன் பட்டது இதற்குச் சான்று. 1780-ல் தமதும் அயலாரதுமாகச் சுமார் 20,000 டாலர் காகிதப் பணத்துடன் உரிமைச்சீட்டு வாங்க வர்ஜீனியா சென்றவர், வழியில் விடுதியொன்றில் உறங்கும்போது அத்தனையும் களவு கொடுத்தார். சிலர் மன்னித்தனர், சிலர்க்குத் திருப்பிக் கொடுத்தார். நில அளவைக்காரராயும் தொழில் செய்தார். அவர் அளந்த எல்லைகள் பல வழக்கில் நிற்கவில்லை. 1798-ல் கெண்டக்கி அரசு ஒரு மாவட்டத்திற்கு அவர் பெயரைச் சூட்டிற்று. அதே ஆண்டில் வரிபாக்கிக்காக அவருடைய நிலம் 10,000 ஏக்கருக்கு மேல் ஏலத்திற் போயிற்று. மறு ஆண்டு, ஸ்பெயின் ஆட்சியிலிருந்த மிஸௌரிக்குப் பெயர்ந்தார். அங்கே ஸ்பானியர் தந்த சுமார் 850 ஏக்கரும், நாடு அமெரிக்கர் கைக்கு வந்தபின் 1809-ல் செல்லாதெனத் தள்ளப்பட்டது. 1814-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அதனை மீட்டளித்தது. கெண்டக்கிக் கடன்காரர்க்குக் கொடுப்பதற்காக அவர் அதனையும் விற்றார். 1820 செப்டம்பர் 26-ஆம் நாள் மகன் வீட்டில் உயிர்நீத்தார்.

ஷானிகளின் ஊராகிய சில்லிக்காத்தேயை 1779-ல் கெண்டக்கியர் தாக்கியபோது பிளாக்பிஷ் காயமுற்று அதனாலேயே மாண்டார். 1795-ல் கிரீன்வில் உடன்படிக்கையால் அம்மக்கள் ஒஹையோவிலும் பெரும்பகுதியை இழந்தனர். அவர்கள் வழியினர் இன்று பெரும்பாலும் ஓக்லஹோமாவில் உள்ளனர். கெண்டக்கியிலோ 1790-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு 73,677 மக்களைக் காட்டிற்று. அவருள் ஆறில் ஒரு பங்கினர் அடிமைகள்.

1779-ல் நகரமெனச் சாஸனம் பெற்ற பூன்ஸ்பரோ நகரமாகவே இல்லை. பஞ்சமும் போரும் ஓய்ந்து ஆபத்து நீங்கியதும் மதில் வேண்டாதாயிற்று, மக்கள் தத்தம் நிலந்தேடிச் சென்றனர், மரங்கள் விறகாயின, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவ்விடம் உழவுநிலமாயிற்று. 1907-ல் ஒரு கற்சுவர் கட்டிப் பழைய இடத்தைக் குறித்தனர். 1974-ல் அரசாங்கப் பூங்காவிற் குடில்களும் கொத்தளங்களுமாக மாதிரிக் கோட்டையொன்று எழுப்பப்பட்டது. பழைய காலத்து முறையில் மெழுகுவர்த்தி வார்த்தலும் சவுக்காரங் காய்ச்சுதலும் அங்கே வருவோர்க்குக் காட்டப்படுகின்றன. பழைய நிலம் ஆற்று வெள்ளத்தில் மூழ்கக்கூடியதாதலின், புதிய கோட்டையை அங்கே வைக்காமற் சற்றுத் தொலைவில் மேட்டின்மேல் அமைத்திருக்கின்றனர்.